விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி: வீட்டு லேப்டாப்பில் எதைத் தொடலாம், எதை விட்டுவிடலாம்

வீட்டுக்கு வாங்கும் லேப்டாப்பில் பெரும்பாலும் விண்டோஸ் ஹோம் பதிப்புதான் வரும். புரோ பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் என்று ஒன்று இருக்கிறது. சாதாரண செட்டிங்ஸ் பக்கத்தில் கண்ணில் படாத எத்தனையோ விஷயங்களை அதில் மாற்றலாம். ஹோம் வைத்திருப்பவர்களுக்கு அந்த எடிட்டர் கிடையாது. ஆனால் அந்த எடிட்டரில் ஒரு டிக் போட்டால் உள்ளே நடப்பது பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் செட்டிங்குகளை எழுதி வைக்கும் பதிவேட்டில், ஓர் எண் எழுதப்படுவது மட்டுமே. ரெஜிஸ்ட்ரி ஹோமிலும் இருக்கிறது. நாமே போய் அந்த எண்ணை எழுதிவிட்டால் பல செட்டிங்குகள் ஹோமிலும் வேலை செய்யும். எல்லாமே செய்யாது, ஆனால் வீட்டுக்குத் தேவையானவை கிட்டத்தட்ட எல்லாம் செய்யும்.

ரெஜிஸ்ட்ரி என்றதும் பயந்து ஒதுங்குகிறவர்கள் உண்டு. யாரோ அனுப்பிய ஒரு ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து நூறு மாற்றங்களை ஒரே அடியாக ஏற்றிவிட்டு, பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று இரண்டு வகையினரின் கம்ப்யூட்டரையும் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டாம் வகையைச் சரிசெய்யத்தான் அதிக நேரம் பிடிக்கும், ஏனென்றால் என்னென்ன மாறியது என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள், மாற்றும் முன் அங்கே இருந்த பழைய எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கம்ப்யூட்டருக்குள் நோட்பேடில் வேண்டாம், காகித நோட்டில். கம்ப்யூட்டர் திறக்காத அன்றைக்குத்தான் அந்தக் குறிப்பு தேவைப்படும்.

உள்ளே என்ன இருக்கிறது

1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் ரெஜிஸ்ட்ரி சின்னதாக ஆரம்பித்தது. அப்போதெல்லாம் ஒவ்வொரு புரோகிராமும் தன் செட்டிங்குகளை ஐஎன்ஐ என்று முடியும் டெக்ஸ்ட் ஃபைலில் தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்டிருந்தது. விண்டோஸ் 95-இல் இருந்து ரெஜிஸ்ட்ரிதான் பொதுப் பதிவேடு. இதை ஒரே ஃபைல் என்று நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டர் முழுவதற்கும் பொதுவானவை விண்டோஸ் ஃபோல்டரில், சிஸ்டம்32-க்குள் இருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில் சில ஃபைல்களாக இருக்கின்றன. உங்கள் லாகினுக்கு மட்டும் உரியவை உங்கள் யூசர் ஃபோல்டரிலேயே மறைவாக ஒரு ஃபைலில் இருக்கின்றன. ஒரே லேப்டாப்பில் அம்மாவுக்கு ஒரு வால்பேப்பரும் உங்களுக்கு வேறு வால்பேப்பரும் வருவது இதனால்தான்.

திறப்பது எளிது. விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி வரும், அதில் ரெக்எடிட் என்று ஆங்கிலத்தில் ஒட்டி எழுதி என்டர் தட்டி, கேட்கும் கேள்விக்கு எஸ் கொடுங்கள். இடது பக்கம் ஐந்து பெரிய கிளைகள் தெரியும். நமக்கு அதில் இரண்டு போதும். பெயரில் கரண்ட் யூசர் என்று இருப்பது உங்கள் லாகினுக்கு மட்டுமானது, லோக்கல் மெஷின் என்று இருப்பது கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் எல்லோருக்குமானது. பழக ஆரம்பிக்கிறவர்கள் கரண்ட் யூசரில் ஆரம்பியுங்கள். அங்கே ஏதாவது தப்பாகிப்போனால் பெரும்பாலும் உங்கள் லாகின் மட்டும்தான் பாதிக்கும், இன்னொரு லாகினில் நுழைந்து சரிசெய்ய வழி இருக்கும். லோக்கல் மெஷினில், அதுவும் சிஸ்டம் என்ற கிளைக்குள், ஒரு தப்பான மாற்றம் விண்டோஸை எழும்பவே விடாமல் செய்துவிடலாம்.

இடது பக்கம் ஃபோல்டர் மாதிரி தெரிபவை கீ. ஒரு கீயைத் தொட்டால் வலது பக்கம் வருபவை வேல்யூ. ஒவ்வொரு வேல்யூவுக்கும் ஒரு பெயர், ஒரு வகை, ஒரு டேட்டா. வகையில் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), டி-வோர்ட் (32 பிட் எண்), பைனரி (பைட்டுகளின் வரிசை) என்ற மூன்றைத் தெரிந்துகொண்டால் இந்தக் கட்டுரைக்குப் போதும். வகை முக்கியம், பெயரும் எண்ணும் சரியாக இருந்து வகை தப்பாக இருந்தால் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன், கீழே சொல்கிறேன்.

கீழே வரும் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும். பெயருக்கு நடுவே நான் போட்டிருக்கும் சிறு கோடுகள் படிக்க வசதியாக மட்டுமே. தட்டச்சு செய்யும்போது கோடும் வேண்டாம், இடைவெளியும் வேண்டாம், ஒட்டி எழுதுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை ரெஜிஸ்ட்ரி பார்ப்பதில்லை.

முதலில் திரும்பி வரும் வழி

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் சேவ் பட்டன் கிடையாது, அன்டூவும் கிடையாது. ஓகே கொடுத்த நொடியே எழுதப்பட்டுவிடும். அதனால் உள்ளே போகும் முன்பே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள்.

ஸ்டார்ட் மெனுவில் ரெஸ்டோர் பாயின்ட் என்று தேடினால் சிஸ்டம் புரொடெக்ஷன் பக்கம் திறக்கும். பல கம்ப்யூட்டர்களில் சி டிரைவுக்கு அது ஆஃப் என்றே இருக்கும். கான்ஃபிகர் போய் ஆன் செய்து, 5 சதவீதம் போல இடம் ஒதுக்கி, பிறகு கிரியேட் அழுத்தி ஒரு பெயர் கொடுங்கள். தேதியோடு கொடுத்தால் பின்னால் தேட வசதி. இது ரெஜிஸ்ட்ரி முழுவதையும் அந்த நேரத்து நிலையில் பிடித்து வைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் விண்டோஸ் தானாகவே ரெஜிஸ்ட்ரிக்கு ஒரு நகலை ரெக்பேக் என்ற ஃபோல்டரில் வைத்துக்கொண்டிருந்தது. 2018-இல் விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு வந்ததில் இருந்து அதை நிறுத்திவிட்டார்கள். ஃபோல்டர் இருக்கும், உள்ளே இருக்கும் ஃபைல்கள் 0 கேபி. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

அடுத்தது எக்ஸ்போர்ட். நீங்கள் மாற்றப்போகும் கீயின்மேல் வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்தால் அந்தக் கிளை மட்டும் ஒரு ஃபைலாகச் சேமிக்கப்படும். பின்னால் அதை இரட்டைக் கிளிக் செய்தால் பழைய எண்கள் திரும்பி வந்துவிடும். ஆனால் ஒன்று: அந்த ஃபைல் பழையவற்றைத் திரும்ப எழுதுமே தவிர, நீங்கள் புதிதாகச் சேர்த்த வேல்யூவை அழிக்காது. புதிதாகச் சேர்த்ததை நீங்கள்தான் கையால் டெலிட் செய்ய வேண்டும். நோட்டில் எழுதும்போது 'மாற்றியது', 'புதிதாகச் சேர்த்தது' என்று பிரித்து எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

விண்டோஸ் எழும்பவே இல்லை என்றால்? லோகோ தெரிய ஆரம்பித்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, இப்படியே இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், பிறகு சிஸ்டம் ரெஸ்டோர். இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. புது லேப்டாப்புகளில் டிஸ்க் என்கிரிப்ஷன் (டிஸ்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் வசதி) பெரும்பாலும் தானாகவே ஆன் ஆகியிருக்கும், அந்த ரிப்பேர் திரை 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் சேமிக்கப்பட்டிருக்கும். அக்கவுன்டுக்குள் போய் அதைப் பார்த்து இன்றைக்கே நோட்டில் எழுதி வையுங்கள். ரெஜிஸ்ட்ரியைத் தொடாதவர்களும் இதை மட்டும் செய்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பழகிக்கொள்ள ஒரு சின்ன மாற்றம்

வீட்டில் எடுத்த நல்ல போட்டோ ஒன்றை வால்பேப்பராக வைத்தால், போட்டோவில் சுத்தமாக இருந்த வானம் டெஸ்க்டாப்பில் லேசாகத் திட்டுத்திட்டாகத் தெரிவதைக் கவனித்திருக்கலாம். ஜேபெக் படத்தை வால்பேப்பர் ஆக்கும்போது விண்டோஸ் அதை 85 சதவீதத் தரத்துக்கு மறுபடி சுருக்கிவிடுகிறது, அதனால்தான். இதை மாற்ற செட்டிங்ஸில் இடமே இல்லை, ரெஜிஸ்ட்ரியில் மட்டும்தான் முடியும்.

கரண்ட் யூசர், அதற்குள் கண்ட்ரோல் பேனல், அதற்குள் டெஸ்க்டாப். கண்ட்ரோல் பேனல் என்பதில் மட்டும் நடுவில் இடைவெளி உண்டு, அந்தக் கீ ஏற்கெனவே இருப்பதால் நீங்கள் எழுத வேண்டியதில்லை. முதலில் டெஸ்க்டாப் கீயை எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். பிறகு வலது பக்கம் காலி இடத்தில் வலது கிளிக், நியூ, டி-வோர்ட் 32 பிட். பெயர் ஜேபெக்-இம்போர்ட்-குவாலிட்டி. ஜேபெக் என்பதை ஜே, பி, இ, ஜி என்று நான்கெழுத்தில் எழுதுங்கள். இப்போது அதை இரட்டைக் கிளிக் செய்தால் வரும் பெட்டியை நிதானமாகப் பாருங்கள். வலது பக்கம் ஹெக்சாடெசிமல் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறை), டெசிமல் (நாம் வழக்கமாக எழுதும் எண் முறை) என்று இரண்டு வட்டங்கள் இருக்கும், எப்போதுமே ஹெக்சாடெசிமல்தான் முதலில் தேர்வாகி இருக்கும். அப்படியே 100 என்று எழுதி ஓகே கொடுத்தால் விண்டோஸ் அதை 256 என்று எடுத்துக்கொள்ளும். முதலில் டெசிமல் வட்டத்தைத் தொட்டு, அதன் பிறகு 100 எழுதுங்கள். வரிசை மாறினால், அதாவது 100 எழுதிவிட்டு டெசிமலைத் தொட்டால், பெட்டியில் இருக்கும் எண்ணே 256 என்று மாறிவிடும். அதைப் பார்த்தாவது தப்பு தெரிந்துவிடும். இந்தப் பழக்கம் ஒன்று கைவந்துவிட்டால் ரெஜிஸ்ட்ரியில் நடக்கும் தப்புகளில் பெரும்பகுதி நடக்காது. ஓகே கொடுத்து, லாக்ஆஃப் செய்து திரும்ப உள்ளே வந்து, அதே போட்டோவை மறுபடி வால்பேப்பராக வையுங்கள்.

அன்றாடம் பயன்படும் சில

ஸ்டார்ட் மெனுவில் ஒரு ஃபைல் பெயரைத் தட்டினால் இன்டர்நெட் முடிவுகள் வந்து நிற்கின்றன, நெட் மெதுவாக இருக்கும் நேரத்தில் தேடலே திணறுகிறது. இதை நிறுத்தலாம். கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்று போங்கள். அதற்குள் எக்ஸ்புளோரர் என்ற கீ இருந்தால் சரி, இல்லையென்றால் நியூ, கீ கொடுத்து உருவாக்குங்கள். உள்ளே டி-வோர்ட் ஒன்று, பெயர் டிசேபிள்-சர்ச்-பாக்ஸ்-சஜெஷன்ஸ், எண் 1. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு, ஃபைல் எக்ஸ்புளோரரில் மேலே தேடும் பெட்டியில் நீங்கள் முன்பு தேடிய சொற்கள் கீழே வரிசையாக வருமே, அதுவும் நின்றுவிடும். எனக்கு அது பரவாயில்லை. அதை நம்பி வேலை செய்கிறவராக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தது. லேப்டாப் ஆன் ஆகும்போதோ அணையும்போதோ 'ப்ளீஸ் வெயிட்' என்று சுற்றிக்கொண்டே இருந்தால், எதற்காகக் காத்திருக்கிறது என்று விண்டோஸையே சொல்ல வைக்கலாம். லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்-வெர்ஷன், பாலிசீஸ், சிஸ்டம். அங்கே டி-வோர்ட், பெயர் வெர்போஸ்-ஸ்டேட்டஸ், எண் 1. அடுத்த முறை இந்த சர்வீஸை (பின்னணியில் ஓடும் புரோகிராமை) நிறுத்துகிறேன், இந்த பாலிசியைப் படிக்கிறேன் என்று வரிவரியாகத் திரையில் வரும். அது எந்த வரியில் நிற்கிறது என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நிற்பது ஒரு பழைய பிரிண்டர் சாஃப்ட்வேரின் சர்வீஸ் என்று தெரிந்தால், அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் போகலாம். ஃபார்மேட் வரை போக வேண்டியதில்லை.

மெனுவுக்குள் மெனு திறக்க ஒரு சின்னத் தாமதம் இருக்கும். பழைய வகை மெனுக்களில் அது 400 மில்லி விநாடி. மேலே வால்பேப்பருக்காகப் போன அதே டெஸ்க்டாப் கீயில் மெனு-ஷோ-டிலே என்ற பெயரில் இருக்கிறது, வகை ஸ்ட்ரிங். 100 வைத்தால் விறுவிறுப்பாக இருக்கும். 0 வைக்காதீர்கள், மவுஸ் லேசாக நகர்ந்தாலே மெனுக்கள் குதித்துத் திறக்கும், வயதானவர்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் ரொம்பத் தொந்தரவு.

எந்த மாற்றம் செய்தாலும் ஷட் டவுன் செய்துவிட்டு ஆன் செய்து பார்க்காதீர்கள், ரீஸ்டார்ட்தான் செய்ய வேண்டும். விண்டோஸ் 8-இல் இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, ஆன் செய்யும்போது அதையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. புதிதாகப் படிப்பதில்லை. 'நானும் அணைத்து அணைத்துப் போட்டேன், மாறவே இல்லை' என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ரீஸ்டார்ட் கொடுத்திருக்கமாட்டார்கள்.

பென் டிரைவ் வைரஸ் விட்டுப்போன தழும்புகள்

2009-இல் எங்கள் வீட்டில் விண்டோஸ் எக்ஸ்பி. தங்கை தன் புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுக்க பென் டிரைவில் போட்டு ஒரு ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போனாள். திரும்பி வந்து வீட்டில் செருகியபோது அவளுடைய ஃபோல்டர்கள் எதையும் காணோம். ஆனால் பென் டிரைவில் இடம் மட்டும் குறைவாகவே காட்டியது, அதாவது ஃபைல்கள் உள்ளேயேதான் இருக்கின்றன, வைரஸ் அவற்றை மறைத்துவிட்டது. மறைந்த ஃபைல்களைக் காட்டு என்று ஃபோல்டர் ஆப்ஷனில் தேர்வு செய்து ஓகே கொடுத்தால், அடுத்த முறை திறக்கும்போது அது மறுபடி பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்திருந்தது. அந்தத் தேர்வையே வைரஸ் உடைத்து வைத்திருந்தது.

அது சேமிக்கப்படும் இடம் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்-வெர்ஷன், எக்ஸ்புளோரர், அட்வான்ஸ்டு, ஃபோல்டர், ஹிட்டன், ஷோ-ஆல். அதற்குள் செக்டு-வேல்யூ என்ற பெயரில் 1 இருக்க வேண்டும், 0 இருந்தது. 1 ஆக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திறந்து பார்த்தேன், 1 தான் இருக்கிறது. ராத்திரி முழுவதும் இதையே செய்துகொண்டிருந்தேன், மறுநாள் காலையில் அவள் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். கடைசியில்தான் நடுவில் இருக்கும் வகை என்ற பத்தியைக் கவனித்தேன். அங்கே ஸ்ட்ரிங் என்று இருந்தது. வைரஸ் உண்மையான டி-வோர்டை அழித்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஸ்ட்ரிங்கை வைத்துப் போயிருக்கிறது. விண்டோஸ் எதிர்பார்ப்பது டி-வோர்ட், ஸ்ட்ரிங்கில் எந்த எண்ணை எழுதினாலும் அது மதிக்காது. அந்த ஸ்ட்ரிங்கை டெலிட் செய்து, அதே பெயரில் டி-வோர்ட் உருவாக்கி 1 எழுதினேன், ஃபோல்டர்கள் எல்லாம் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தன. அன்றில் இருந்து எந்த வேல்யூவைத் தொட்டாலும் முதலில் வகையைத்தான் பார்க்கிறேன்.

பென் டிரைவில் இருந்து புரோகிராம் தானாக ஓடுவதை விண்டோஸ் 7-இலேயே நிறுத்திவிட்டார்கள், எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் 2011-இல் அதே மாற்றம் அப்டேட்டாக வந்தது. இன்னும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டில் வைத்திருப்பவர்கள் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்-வெர்ஷன், பாலிசீஸ், எக்ஸ்புளோரர் போய் நோ-டிரைவ்-டைப்-ஆட்டோ-ரன் என்ற டி-வோர்டில், டெசிமல் தேர்ந்து, 255 எழுதுங்கள். எந்த வகை டிரைவில் இருந்தும் எதுவும் தானாக ஓடாது. ஆனால் ஃபோல்டர் மாதிரி வேஷம் போட்ட ஷார்ட்கட்டை நாமே இரட்டைக் கிளிக் செய்தால் இந்தப் பூட்டு காப்பாற்றாது. அந்த வகை இப்போதும் ஜெராக்ஸ் கடைகளிலும் கல்லூரி லேப்களிலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஃபோல்டர் படத்தின் மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தால் கிளிக் செய்யாதீர்கள்.

வைரஸ் போன பிறகும் டாஸ்க் மேனேஜர் திறக்க மறுத்தால் அதுவும் இதே மாதிரி ஒரு தழும்புதான். கரண்ட் யூசரில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்-வெர்ஷன், பாலிசீஸ், சிஸ்டம் என்று போனால் டிசேபிள்-டாஸ்க் என்று தொடங்கும் ஒரு வேல்யூ இருக்கும். அதை டெலிட் செய்தால் போதும். ஆனால் முதலில் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓடவிட்டு வைரஸை ஒழியுங்கள், அது உயிரோடு இருந்தால் நீங்கள் திருத்தத் திருத்த அது மறுபடி எழுதிக்கொண்டே இருக்கும்.

இவற்றை விட்டுவிடுங்கள்

ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்று வரும் எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். பயனில்லாத சில ஆயிரம் வரிகள் கிடப்பதால் கம்ப்யூட்டர் மெதுவாகாது, விண்டோஸ் பெயர் சொல்லித் தேவையான வரியை மட்டுமே எடுக்கிறது, முழுப் பதிவேட்டையும் ஒவ்வொரு முறையும் படிப்பதில்லை. கிளீனர் தேவையான ஒன்றைத் தவறாக அழித்துவிட்டால் அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. இந்தக் கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது.

உங்கள் இன்டர்நெட் வேகத்தில் 20 சதவீதத்தை விண்டோஸ் பிடித்து வைத்திருக்கிறது, ரெஜிஸ்ட்ரியில் அதை 0 ஆக்கினால் வேகம் கூடும் என்று எக்ஸ்பி காலத்தில் இருந்து ஒரு கதை ஓடுகிறது. அது உண்மையில்லை. அதற்கென்று எழுதப்பட்ட புரோகிராம் ஏதாவது முன்னுரிமை கேட்டால் மட்டுமே அந்த ஒதுக்கீடு செயல்படும், மற்ற நேரத்தில் முழு வேகமும் உங்களுக்குத்தான்.

ஷட் டவுன் வேகமாக நடக்க வெயிட்-டு-கில் என்று தொடங்கும் வேல்யூக்களைக் குறைக்கச் சொல்வார்கள், ஆட்டோ-எண்ட்-டாஸ்க்ஸை 1 ஆக்கச் சொல்வார்கள். அந்த 1 வைத்தால், சேமிக்காத வேர்ட் ஃபைல் திறந்திருந்தாலும் 'சேமிக்கவா' என்ற கேள்விக்குக் காத்திருக்காமல் அணைத்துவிடும். நான்கு விநாடி மிச்சம் பிடிக்க நான்கு மணி நேர வேலையைப் பணயம் வைக்க வேண்டாம். விண்டோஸ் டிஃபெண்டரை ரெஜிஸ்ட்ரி வழியாக நிரந்தரமாக அணைக்கும் குறிப்புகளையும் அப்படியே கடந்துபோங்கள்.

அப்டேட்டுக்காக நேரங்கெட்ட நேரத்தில் ரீஸ்டார்ட் ஆவதைத் தடுக்க ரெஜிஸ்ட்ரிக்கே போக வேண்டாம், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ஆக்டிவ் ஹவர்ஸ் இருக்கிறது, 18 மணி நேரம் வரை கொடுக்கலாம். விண்டோஸ் 11-இல் பழைய வலது கிளிக் மெனு வேண்டுமென்றால் ஷிப்டைப் பிடித்துக்கொண்டு வலது கிளிக் செய்தாலே வந்துவிடும்.

செத்துப்போன எழுத்துக்கு வேறு பொத்தான்

லேப்டாப் கீபோர்டில் ஒரே ஓர் எழுத்து மட்டும் வேலை செய்யாமல் போவது சகஜம். டீ சிந்தியிருக்கும், அல்லது தேய்ந்திருக்கும். என் லேப்டாப்பில் போனது ஆங்கில ஐ (I) எழுத்து. தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு அமைப்பில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும், அந்த இடத்தில்தான் ன இருக்கிறது. ன இல்லாமல் தமிழில் இரண்டு வரி எழுத முடியாது. கீபோர்டு மாற்றும் வரை கேப்ஸ் லாக் பொத்தானை ஐ ஆக்கிக்கொண்டேன். தமிழ்99-இல் கேப்ஸ் லாக்குக்கு வேலையே இல்லை.

முதலில் ஐ இல்லாமல் ரெக்எடிட் என்று எப்படி எழுதுவது? விண்டோஸ், கண்ட்ரோல், ஆங்கில ஓ (O) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு கீபோர்டு வரும், அதில் மவுஸால் தொட்டு எழுதலாம். பாஸ்வேர்டு திரையிலும் கீழே மூலையில் இருக்கும் ஆக்சஸிபிலிட்டி படத்தைத் தொட்டால் இதே கீபோர்டு கிடைக்கும்.

இப்போது ரெஸ்டோர் பாயின்ட் ஒன்று எடுத்துவிட்டு லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட்-கண்ட்ரோல்-செட், கண்ட்ரோல், கீபோர்டு லேஅவுட். கவனம், பக்கத்திலேயே கீபோர்டு லேஅவுட்ஸ் என்று பன்மையில் இன்னொன்று இருக்கிறது, அது இல்லை. ஒருமையில் இருப்பதுதான். வலது பக்கம் நியூ, பைனரி வேல்யூ. பெயர் ஸ்கேன்கோட் மேப், இதில் மட்டும் இரண்டு சொற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி உண்டு. இரட்டைக் கிளிக் செய்து, வரும் பெட்டியில் இதை எழுதுங்கள், ஒவ்வொரு வரிக்கும் எட்டு ஜோடி என்று அதுவே மடித்துக்கொள்ளும்:

00 00 00 00 00 00 00 00
02 00 00 00 17 00 3ஏ 00
00 00 00 00

இடைவெளியைத் தட்ட வேண்டாம், தானாக வரும். 3-க்கு அடுத்து இருப்பது ஆங்கில ஏ எழுத்து. இதை மனப்பாடமாக எழுதுவதைவிடப் புரிந்துகொண்டு எழுதுவது நல்லது. முதல் எட்டு ஜோடியும் வெறும் தலைப்பு, எப்போதும் பூஜ்யம். அடுத்து 02 என்பது எத்தனை பதிவுகள் என்ற கணக்கு, ஒரு மாற்றமும் கடைசியில் வரும் பூஜ்ய வரியும் சேர்த்து இரண்டு. பிறகு 17 00 என்பது எந்த எழுத்து வர வேண்டும், 3ஏ 00 என்பது எந்தப் பொத்தானை அழுத்தினால் வர வேண்டும். 17 ஐ எழுத்தின் எண், 3ஏ கேப்ஸ் லாக்கின் எண். மேல் எழுத்து வரிசையில் க்யூ 10-இல் தொடங்கி டபிள்யூ 11, இ 12 என்று ஒவ்வொன்றாகக் கூடி பி வரும்போது 19 ஆகும். உங்களுக்குப் போனது ட, அதாவது ஓ எழுத்து என்றால் 17 இருக்கும் இடத்தில் 18.

சில நேரம் எழுத்து சாகாமல், தானே அழுந்தி ஐஐஐஐ என்று ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது அந்தப் பொத்தானை ஊமையாக்கவும் வேண்டும். 02-ஐ 03 ஆக்கி, 3ஏ 00-க்கு அடுத்து 00 00 17 00 என்று ஒரு பதிவைச் சேர்த்து, கடைசியில் பழையபடி நான்கு ஜோடி பூஜ்யம். 17 எண் பொத்தானை அழுத்தினால் எதுவும் வரக்கூடாது என்று அர்த்தம்.

ரீஸ்டார்ட் செய்யுங்கள், பாஸ்வேர்டு திரையில் இருந்தே வேலை செய்யும். மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸிலும் பொத்தான்களை மாற்றும் வசதி இருக்கிறது, ஆனால் அது விண்டோஸ் உள்ளே வந்து அந்தப் புரோகிராம் ஓட ஆரம்பித்த பிறகுதான் வேலை செய்யும், பாஸ்வேர்டில் ஐ இருந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

இந்த மாற்றம் லேப்டாப்பைப் பயன்படுத்தும் எல்லோருக்கும், அதில் செருகும் எல்லாக் கீபோர்டுக்கும் சேர்த்துத்தான், ஒரு கீபோர்டுக்கு மட்டும் என்று பிரிக்க முடியாது. அதனால் வீட்டில் மற்றவர்களிடம் சொல்லிவிடுங்கள், நோட்டில் 'புதிதாகச் சேர்த்தது' பக்கத்தில் எழுதிவிடுங்கள். கீபோர்டை மாற்றி வாங்கி வந்த அன்றைக்கு அந்த ஸ்கேன்கோட் மேப்பை டெலிட் செய்து ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுங்கள், இல்லையென்றால் புதுக் கீபோர்டிலும் கேப்ஸ் லாக்கை அழுத்தினால் ன தான் வந்துகொண்டிருக்கும்.